வால் காட்டும் பக்கம்

பிப்ரவரி 9

அக்கா அக்கா அக்கா, கையில என்ன இருந்தாலும் கீழ வெச்சுட்டு உக்காந்து படி, உன் முடிச்சை நாலு லட்சம் பேர் பார்த்துட்டாங்க!

நாலாயிரம் இல்ல, நாலு லட்சம். சைபரை மூணு தடவை எண்ணிட்டேன். போன வாரம் வரைக்கும் என் பக்கத்துல மொத்தமே எண்ணூத்திப் பத்து பேரு. அதுல பாதி எங்க ஹாஸ்டல் பொண்ணுங்க, சோப்பு கடன் கேக்குறதுக்காக லைக் போடுறவளுங்க. இப்ப பாரு!

போன கோடையில உன் வீட்டுல ஒரு மாசம் இருந்தேன்ல, அப்ப எடுத்ததெல்லாம் போன்ல சும்மாவே கிடந்துச்சு. போன் கடையில கூட்டம் இல்லாத நேரம், ஸ்க்ரீன் கார்டு ஒட்டுற மேஜையிலேயே உக்காந்து வெட்டி ஒட்டி ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒரு வீடியோ பண்ணேன். நான் பேசினதை அப்படியே எழுதுறேன், உனக்குத்தான் அங்க சிக்னலே இல்லையே.

"மலையில நீலச்செவின்னு ஒரு செடி. இலை காது மாதிரி இருக்கும், அடிப்பக்கம் நீலம். வேரை அரைச்சு மூட்டுவலிக்குப் பத்து போடுவாங்க. வேர் எடுக்குறது பதினாறே வீடு. எடுக்கும்போது வேரோட தலையைக் கிள்ளி மண்ணுக்கே திருப்பிக் குடுத்துடுவாங்க, அது மறுபடி முளைக்கும். ஆனா விதை விடுற தாய்ச்செடியை மட்டும் தொடவே மாட்டாங்க. பக்கத்துப் புதர்ல நார்ல ஒரு முடிச்சு இருக்கும். முடிச்சைப் பார்த்தா கை தானா பின்னாடி போயிரும். வேலி இல்ல, போர்டு இல்ல, காவல் இல்ல. ஒரு முடிச்சு, அவ்ளோதான்! அதைப் போடுறது எங்க அக்கா!"

'எங்க அக்கா'ன்னு சொல்லும்போது எனக்குக் குரல் உடைஞ்சிருச்சு. வெட்டலாம்னு பார்த்தேன், அப்புறம் அப்படியே விட்டுட்டேன். அந்த இடத்துலதான் எல்லாரும் அழுதாங்களாம். ஒரு அம்மா எழுதியிருக்காங்க, "உன் அக்கா கையை ஒரு தடவை தொடணும்"னு. எங்க முதலாளி கூட வீடியோவைப் பார்த்துட்டு, "நீ பெரிய ஆளாயிட்ட, இனிமே கண்ணாடி ஒட்ட வருவியா மாட்டியா?"ன்னு கேட்டாரு. வருவேன்னேன். வேற எங்க போறது!

பயப்படாத. எந்த மலைன்னு சொல்லல. பின்னாடி தெரியுற பாறையெல்லாம் மங்கலாக்கிட்டேன். எனக்கும் அறிவு இருக்கு.

ஊமைக்கோட்டான் அக்காவே, போன தடவை மாதிரி நாலு வரியில முடிக்காம, இதுக்காவது முழுப் பக்கம் எழுது. மாமாகிட்ட சொல்லு. உன் ஓரகத்திகிட்ட, அதான் என் சின்னக்காகிட்ட, கத்திச் சொல்லு!

உன்
தகரடப்பா


பிப்ரவரி 22

தங்கச்சிக்கு,

ஜீப்காரர் உன் கடிதத்தைச் செக்போஸ்ட்டில் கொடுத்துவிட்டுப் போய் மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன். நாலு லட்சம் என்றால் எவ்வளவு என்று உன் மாமாவைக் கேட்டேன். "இந்தச் சரிவுல நின்னு எண்ணினா அவ்ளோ மரம் தேறாது" என்றார்.

சின்னவளிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவளுக்கு. "முடிச்சு போட்டது நீங்க, நார் உரிச்சுக் குடுத்தது யாராம்? என் பேரை விட்டுட்டாளே திருடி!" என்றாள். கொழுந்தனார் பாறைச் சரிவில் இறந்துபோன பிறகு நாலு வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்காக உனக்கு நன்றி சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாளாகத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த முடிச்சு என்னுடையது இல்லை. நான் இங்கே வாக்கப்பட்டு வந்தவள். ஏழு வருடம் பார்த்த பிறகுதான் முடிச்சு போடும் நாரை என் கையில் கொடுத்தார்கள். கொடுத்த அன்றைக்கு யாரும் 'இது ரகசியம்' என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. பார்க்கிறவர்கள் எல்லாரும் நம் ஆட்கள்தானே. நீ கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

வன அலுவலகம் நமக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டில் ஒரு வரி உண்டு. தாய்ச்செடி நாற்பதுக்குக் கீழே போனால் பதினாறு வீட்டுக்கும் சரிவு மூடப்படும். அதனால் மாதம் ஒரு முறை எண்ணிக் கொண்டுபோய் எழுதிக் கொடுக்கிறேன். இப்போது வறட்சி. இலையெல்லாம் கருகி உதிர்ந்து, செடி மண்ணுக்குள்ளே தூங்குகிறது. மேலே தெரிவது முடிச்சு மட்டும்தான். இந்த மாதக் கணக்கு அறுபத்து மூன்று.

அடுத்த தடவை எதையாவது போடுவதற்கு முன் எழுதிக் கேள். பதில் வரப் பத்து நாள் ஆகும். ஆகட்டும்.

மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்க்காதே. போன முறை விழுந்தது நினைவிருக்கட்டும்.

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

முழுப் பக்கம் எழுதுன்னு கேட்டது என் தப்புதான்.

பத்து நாளா? பத்து நாள்ல இங்க ஒரு விஷயம் பொறந்து வளர்ந்து செத்தே போயிரும். உனக்குப் புரியாது, விடு. நாலு லட்சம் பேரு கை தட்டுறாங்க, என் சொந்த அக்கா "கேட்டிருக்கலாம்"னு ஒரு வார்த்தையைத் தூக்கி என் தலையில போடுறா.

ஒண்ணு சொல்லட்டுமா? உன் வீட்டுல இருந்த ஒரு மாசமும் தோண்டுற குச்சியை என் கையில குடுக்கவே இல்ல நீ. "உன் கை போன் பிடிக்கிற கை"ன்ன. எல்லார் முன்னாடியும் சொன்ன. நான் சிரிச்சேன், நல்லாவே சிரிச்சேன், அப்புறம் தொட்டிகிட்ட போய் மூஞ்சி கழுவினேன். சின்னக்கா மட்டும்தான் என்னை ஒரு ஆளா மதிச்சாங்க. என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவங்க, ஆனா நான் கேட்ட ஒரு கேள்வியையும் தட்டிக் கழிக்கல. "நீ எங்க வீட்டுப் பொண்ணுதானே"ன்னு சொல்லிக் கூடவே கூட்டிட்டுப் போனாங்க. நீ ஒரு நாளாவது அப்படிச் சொன்னியா?

இங்க என்னை மதிக்க ஆள் இருக்கு, தெரியுமா? தாவரவியல் படிக்கிற மாணவராம் ஒருத்தரு. பக்கம் பக்கமா எழுதிக் கேக்குறாரு. ஒவ்வொரு கேள்வியும் அவ்ளோ நுணுக்கம்! எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொன்னேன். "நீங்க ஒரு நடமாடும் நூலகம்"னாரு. பன்னண்டாவதோட நின்ன என்னை! அந்த வரியைப் படிச்சுட்டு அன்னிக்கு ஒட்டின மூணு கண்ணாடியிலயும் காத்துக் குமிழி. முதலாளி திட்டினாரு. திட்டட்டும்னு விட்டுட்டேன்.

செடியைக் காப்பாத்தணும்னா நாலு பேருக்குத் தெரியணும் அக்கா. தெரியாத பொருளுக்காக யாரு அழுவாங்க? நான் தப்பு பண்ணல.

சின்னக்காவை வீடியோவுல விட்டது மட்டும் தப்பு. அடுத்ததுல அவங்கதான் நாயகி, சொல்லிடு.

தங்கச்சி


மார்ச் 20

தங்கச்சிக்கு,

குச்சியைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத நினைத்திருந்தேன். அதற்குள் வேறு நடந்துவிட்டது.

பதினோராம் தேதி எண்ணப் போனேன். முதல் முடிச்சு அப்படியே இருந்தது. அதற்கு மூன்று எட்டுத் தள்ளிக் குழி. இரண்டாவது முடிச்சு, மூன்று எட்டு, குழி. மேல் சரிவு முழுக்க நடந்தேன். உன் மாமா என் பின்னாலேயே வந்தார். நாற்பத்தொரு குழி. மிச்சம் இருபத்திரண்டு. எல்லாம் பாறைக்கு அந்தப் பக்கம், வெளியாள் கால் வைக்க முடியாத இடத்தில் இருந்தவை.

தலையைக் கூடக் கிள்ளி வைக்கவில்லை. முழு வேரோடு போய்விட்டது.

உன் வீடியோவைப் பார்த்த யாரோதான் என்று நான் முதலில் நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், உன்னைத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். செக்போஸ்ட் காவலரும் சொன்னார், எட்டாம் தேதி இரண்டு பேர் பை மாட்டிக்கொண்டு வந்தார்களாம். நீ முன்னே எப்போதோ செக்போஸ்ட்டின் நீல கேட் பக்கத்தில் நின்று போட்ட படத்தைப் போனில் காட்டி, "இந்த இடம்தானே?" என்று கேட்டார்களாம். அவரும் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஆனால் முடிச்சு மட்டும் தெரிந்தவனால் இதைச் செய்ய முடியாது. இலை இல்லாத காலம். முடிச்சு போட்ட புதரைச் சுற்றி எந்தப் பக்கம் தோண்டுவான்? நாலு குழி தோண்டினால் ஒன்றில் கிடைக்கலாம். இங்கே ஒரு குழி கூட வீணில்லை. முடிச்சின் வால் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம், மூன்று எட்டில் செடி. இது பதினாறு வீட்டுக்கு மட்டும் தெரிந்தது. ஆகவே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மரத்தடியில் எல்லாரும் கூடினோம். அந்த வாரம் கீழே டவுனுக்குப் போனது யார் என்று கேட்டார்கள். சின்னவள்தான் போயிருந்தாள், பல் பிடுங்க. கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. "யாருகிட்டயாவது வாலைப் பத்திச் சொன்னியா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று தடவை கேட்டார்கள். நானும் கேட்டேன், "சொல்லித் தொலையேன்டி" என்று. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

இனி வேர் எடுக்கக்கூடாது என்று அவள் குச்சியை வாங்கிக்கொண்டார்கள். வாங்கியது என் கை. நாரை வைத்திருப்பவள்தான் வாங்க வேண்டுமாம்.

மறுநாள் அவள் வீடு பூட்டிக் கிடந்தது.

நாலு வருடம் ஒரே அடுப்பில் சாப்பிட்டவள். இப்படிச் செய்வாள் என்று எப்படி நம்புவது, நம்பாமலும் எப்படி இருப்பது? உனக்கு அவளைப் பிடிக்கும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 28

அக்கா

சின்னக்கா சொல்லல. நான்தான்.

நாலு தாள் கிழிச்சுட்டேன். இதுக்கு மேல கிழிச்சா எழுதவே மாட்டேன், அதனால இப்படியே அனுப்புறேன்.

வாலைப் பத்தி எனக்குத் தெரியும். போன கோடையில மழை பெஞ்சு செடியெல்லாம் முளைச்சிருந்தப்ப, ஒரு நாள் நீ துணி துவைக்கப் போயிருந்த. சின்னக்கா என்னை மேல் சரிவுக்குக் கூட்டிட்டுப் போய், ஒரு முடிச்சைக் காட்டி, "இப்ப கண்ணை மூடிக்கிட்டு வால் காட்டுற பக்கம் மூணு எட்டு வெய்"ன்னாங்க. வெச்சேன். கண்ணைத் திறந்தா காலுக்கு அரை அடி முன்னாடி நீலச்செவி, பூவோட. நான் கத்தினதுல பறவையெல்லாம் கிளம்பிடுச்சு. அவங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அக்கா அது.

வீடியோவுல வாலைச் சொல்லல. சத்தியமா சொல்லல. அந்த மாணவர்கிட்டதான் சொன்னேன். "இலை உதிர்ந்த காலத்துல அவங்களே தெரியாம மிதிச்சுட மாட்டாங்களா?"ன்னு கேட்டாரு. எவ்ளோ அக்கறைன்னு நினைச்சேன். வாலைப் பத்தி எழுதினேன். மூணு எட்டுன்னும் எழுதினேன். புரியணும்னு படம் கூட வரைஞ்சு அனுப்பினேன். அம்புக்குறி போட்டு.

இப்ப அந்தப் பேர்ல யாருமே இல்ல. தேடித் தேடிப் பார்த்துட்டேன். நான் எழுதினது மட்டும் இருக்கு, அந்தப் பக்கம் வெறுமையா.

சின்னக்கா ஏன் வாயைத் திறக்கலன்னு எனக்கு இப்ப புரியுது. உனக்கும் புரிஞ்சிருக்கும். இல்லைன்னா பொய். ஆமாம்னா என் பேரு.

அக்கா, ஒண்ணே ஒண்ணு. இதை மரத்தடியில சொல்லாத. இப்ப வேணாம். அவங்க எல்லாரும் என்னை எப்படிப் பார்த்துக்கிட்டாங்க தெரியும்ல, போகும்போது ஒவ்வொரு வீட்டுலயும் என் பையில எதையாவது திணிச்சாங்க. அந்த மூஞ்சியெல்லாம் மாறுறதை என்னால நினைச்சுப் பார்க்க முடியல. நானே ஒரு வழி பண்றேன். சின்னக்கா போட்டோவை என் பக்கத்துல போட்டு, 'பார்த்தவங்க சொல்லுங்க'ன்னு ஒரு வரி எழுதினா பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சுடலாம். அவங்க காலைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுறேன். போடட்டுமா?

இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் செய்வேன்.

தங்கச்சி


ஏப்ரல் 8

வேண்டாம்.

அவள் படத்தைப் போடாதே. அவள் மேலேயும் ஒரு முடிச்சைப் போட்டு வால் காட்டப் போகிறாயா?

உன் கடிதத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ கேட்டதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டு நாள் மரத்தடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். வாய் வரவில்லை. பத்து வருடம் ஆனாலும் நான் வந்தவள்தானே. 'உன் ரத்தம்தானே' என்று ஒருவர் சொன்னால் போதும், இந்த மலையில் எனக்கு நிற்க இடமில்லை. கடிதம் துணிப் பெட்டியில், அடியில் இருக்கிறது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மேலே இருக்கும் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறேன். உன் மாமா, "எதுக்கு அதே புடவையைக் கட்டிட்டுத் திரியுற?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. ஊமைக்கோட்டான் என்பாயே, சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறாய்.

ஆக, நீ செய்ததைச் சின்னவள் சுமக்கிறாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை.

போன மாதக் கடைசியில் எண்ணிக்கை எழுதிக் கொடுத்தேன். இருபத்திரண்டு. ரேஞ்சர் நல்ல மனிதர். "கொஞ்சம் பார்த்து எழுதுங்கம்மா, நாற்பதுன்னு போட்டா நான் ஏறி வந்தா எண்ணப் போறேன்?" என்றார். எழுதவில்லை. இல்லாத செடியை எழுதி என்ன ஆகப்போகிறது? மறுவாரம் சீட்டை வாங்கிக்கொண்டார்கள். சரிவின் வாசலில் சங்கிலி போட்டிருக்கிறார்கள். ஐந்து வீடு ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டது, சாலை வேலைக்கு.

மிச்சமிருக்கும் இருபத்திரண்டு முடிச்சை என்ன செய்வது என்று தெரியவில்லை. விட்டு வைத்தால் அந்த இரண்டு பேர் கயிறு கட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். அவிழ்த்துவிட்டால் நம் ஆட்களே தெரியாமல் குச்சியைப் போடுவார்கள். சங்கிலி போட்டாலும் பசித்தவர்கள் ஏறத்தான் செய்வார்கள். கடைசியில் இன்னொன்று செய்தேன். சங்கிலி போடுவதற்கு முந்தின நாள் ஒரு சுமை நாரை எடுத்துக்கொண்டு போய், செடி இல்லாத புதரிலெல்லாம் முடிச்சு போட்டேன். வாலை எந்தப் பக்கமோ திருப்பிவிட்டேன். முந்நூறு இருக்கும். விரல் தோல் உரிந்துவிட்டது.

சரிவு முழுக்க முடிச்சு. இனிமேல் அதைப் பார்த்து யார் கையும் பின்னால் போகாது. மெய்யாகப் போட்டது எது, பொய்க்குப் போட்டது எது என்று இரண்டு மழை போனால் எனக்கே தெரியாது. ஏழு வருடம் காத்திருந்து வாங்கிய வேலையை ஒரே பகலில் நானே முடித்துவிட்டேன்.

சின்னவளைத் தேடு. படம் போட்டு அல்ல. காலால் நடந்து தேடு.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

சின்னக்காவைப் பார்த்துட்டேன்.

மேல படிக்காத. முதல்ல ஜீப்காரர் குடுத்த பொட்டலத்தைப் பிரி. ஈரச் சாக்குல சுத்தி பதினொரு தலை இருக்கு. வேர் இல்ல, தலை மட்டும். சரிவுலதான் சங்கிலி போட்டுட்டாங்களே, வீட்டுக்குப் பின்னாடியாவது நட்டு வை. வெச்சுட்டு, கை கழுவிட்டு வந்து படி.

வெச்சுட்டியா?

போன வாரம் ஒரு விளம்பரம் வந்துச்சு. 'காட்டு நீலச்செவி, தாய்ச்செடி வேர் மட்டும்.' பின்னாடி ஓடுற குரல் என்னோடது. "ஒரு முடிச்சு, அவ்ளோதான்!"னு நான் பேசுறேன், குரல் உடையுற இடம் வரைக்கும் வெட்டி வெச்சிருக்காங்க. ஒரு பாட்டில் வரவழைச்சேன். அட்டைப் பெட்டிக்குப் பின்னாடி முகவரி இருந்துச்சு. ரெண்டு பஸ் மாறிப் போனேன். போனை ஹாஸ்டல்லயே வெச்சுட்டுப் போனேன்.

ஒரு தகர ஷெட். ஏழெட்டுப் பொம்பளைங்க சாக்கு மேல உக்காந்து வேர் நறுக்குறாங்க. தலையை வெட்டித் தனியா ஒரு மூலையில எறியுறாங்க. தூளுக்குத் தலை ஆகாதாம், குப்பையாம். கடைசியில உக்காந்திருந்தது சின்னக்கா.

என் மனசு எவ்ளோ கேவலம் பாரு. அந்த ஒரு நொடி, 'அப்ப இவங்களும் கூட்டா'ன்னு ஓடுச்சு. எனக்கே!

என்னைப் பார்த்ததும் அவங்க கத்தியைக் கீழ வெச்சாங்க. "என்னடி இவ்ளோ இளைச்சுட்ட?"ன்னாங்க. முதல் வார்த்தையே அதுதான்.

"சின்னக்கா, நீங்க எப்படி இங்க?"

"வேர் தெரிஞ்சவளுக்கு வேற எங்க வேலை குடுப்பாங்க? கீழ இறங்கி மூணு நாள் சுத்தினேன். கையைப் பார்த்ததும் இவங்க சேர்த்துக்கிட்டாங்க. ரெண்டாம் நாள் சாக்கை அவிழ்க்குறேன், நம்ம வேர். எனக்குத் தெரியாதா?"

சாப்பாட்டு நேரத்துல ஷெட்டுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனாங்க. தண்ணிக் குழாய்க்கு அடியில ஒரு பழைய பெயின்ட் வாளி, மேல ஈரச் சாக்கு. குப்பைக்குப் போன தலையை நாளுக்கு நாலஞ்சு இடுப்புல சொருகிட்டு வந்து அதுல வெச்சிருக்காங்க. நாற்பத்தொண்ணையும் எடுத்தாங்களாம். மிச்சமெல்லாம் அழுகிடுச்சு. பதினொண்ணுல மொட்டு இருக்கு.

"மரத்தடியில ஏன் என் பேரைச் சொல்லல?"ன்னு கேட்டேன்.

"உன் பேரைச் சொன்னா உங்க அக்கா கையில நார் இருக்குமா? அவங்களும் வந்தவங்க, நானும் வந்தவ. ஒருத்தி போனா போதும்னு தோணுச்சு. எனக்கு யாரு இருக்கா அங்க?"ன்னாங்க. நான்தான்னு உனக்கு எழுதிட்டதைச் சொன்னேன். வாளிச் சாக்கை நனைச்சுக்கிட்டே, "நீ எழுதின கடுதாசி அக்காவுக்கு எப்ப கிடைச்சுது?"ன்னு கேட்டாங்க.

பொய் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. "ஏப்ரல் மொத வாரம்"னேன்.

விரல் விட்டு எண்ணினாங்க. "அப்ப இருபது நாளாத் தெரியும்"னாங்க. கோபமா சொல்லியிருந்தா உனக்கு எழுதாம விட்டிருப்பேன்.

"வாங்க போலாம்"னு கையைப் பிடிச்சேன். உருவிக்கிட்டாங்க. நான் அழுதுக்கிட்டே, "இன்னைக்கே வீடியோ போடுறேன் சின்னக்கா, நான்தான் பண்ணேன்னு நாலு லட்சம் பேர் முன்னாடி சொல்றேன்"னேன். அவங்க சிரிச்சாங்க. பல் போன இடத்தைக் கையால மறைச்சுக்கிட்டு சிரிச்சாங்க.

"அந்த நாலு லட்சத்துல என்னைத் தெரிஞ்சவங்க யாருடி? பதினாறு வீட்டு முன்னாடி குச்சியை வாங்கினாங்க. பதினாறு வீட்டு முன்னாடி திருப்பிச் சொல்லட்டும். வர்றதா வேணாமான்னு அப்புறம் நான் யோசிக்கிறேன். இப்ப தலையை எடுத்துட்டுப் போ, காயுது."

அவங்க வேலைக்குப் போயிட்டாங்க. நான் வாளியைக் கட்டிக்கிட்டு பஸ்ல வந்தேன். நடுவுல ரெண்டு இடத்துல தண்ணி தெளிச்சேன்.

என் பக்கத்தை மூடிட்டேன். மூடின பிறகும் வீடியோ வேற வேற இடத்துல ஓடிக்கிட்டேதான் இருக்கு. அதை என்னால நிறுத்த முடியாது. ஒவ்வொரு வீடியோ முடிவுலயும் 'எல்லாருக்கும் சொல்லுங்க, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, பதில் போடுங்க'ன்னு கத்துவேன்ல? எனக்கு வேற மாதிரி முடிக்கத் தெரியாது அக்கா. அதனால உன்கிட்ட அதையேதான் கேக்குறேன்.

துணிப் பெட்டி அடியில இருக்குற என் மார்ச் மாசக் கடுதாசியை எடு. 'சொல்லாத'ன்னு நான் கெஞ்சின வரியை விட்டுடாம எல்லாருக்கும் படிச்சுக் காட்டு. இதையும் படி. 'இருபது நாளாத் தெரியும்'ங்கிற இடத்தையும் படி.

மே பத்தாம் தேதி காலையில பதினாறு வீட்டையும் மரத்தடிக்குக் கூட்டு. சாலை வேலைக்குப் போன அஞ்சு வீட்டுக்கும் ஆள் அனுப்பு. முதல் ஜீப்ல வந்துடுவேன். நடுவுல நின்னு நானே சொல்றேன். நீ என் பக்கத்துல நில்லு. சின்னக்கா குச்சியைக் கையில வெச்சுக்கிட்டு நில்லு.

எத்தனை வீடு வரும்னு ஒரு வரி பதில் போடு. ஒரே ஒரு வீடுதான் வரும்னாலும் போடு. யாருமே வரலைன்னாலும், நீ வருவியான்னு எழுது.

தங்கச்சி